சவரிமுத்து சார் டிவியில் பேசினார்

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சவரிமுத்து சார் போய்விட்டார் என்று ஆள் ஓடிவந்து சொன்னபோது, நான் டிவியில் வெள்ளிக்கிழமைப் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே அழவில்லை. டிவியை அணைத்தேன். ஸ்டெபிலைசரை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். டிவிக்குத் துணி போர்த்தினேன். அப்புறம்தான் வாசலுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். "எழவு சேதி கேட்டுட்டு டிவிக்குப் போர்வ போத்தறா பாரு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அந்த வரிசையை எனக்குப் பழக்கியவரே சார்தான். மாற்றிச் செய்திருந்தால் அவருக்குத்தான் பொறுத்திருக்காது.

பாப்பாரப்பட்டியில் அவரிடம் படித்த உங்களுக்கெல்லாம் அவர் கணக்கு வாத்தியார். எனக்கு அடுத்த வீட்டுக்காரர், வாய்க்கு வாய் கொடுக்கும் ஆள். நான் மூன்றாம் வகுப்போடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்தவள். தலையணை உறையில் பெயரின் முதலெழுத்தை இங்கிலீஷில் பூப்போட்டுத் தரச்சொல்லிக் கேட்பார்கள். அதனால் இங்கிலீஷின் பெரிய எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். சேர்த்து வைத்தால் என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் சாரின் தம்பி, வீட்டில் வைத்துக்கொள்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பார்க்க வெறும் பொத்தான் பலகை. டிவியில் ஒயரை மாட்டினால், தட்டுகிற எழுத்து டிவியில் தெரியும். அதைப் பத்திரப்படுத்த வேண்டுமானால் டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டு ஏற்ற வேண்டும். அந்தக் கேசட்டைப் பாட்டு போல ஓடவிட்டால், மாவு மில்லில் கல்லும் கல்லும் உரசுகிற மாதிரி ஒரு கிறீச்சல்.

"சார், உங்க கம்ப்யூட்டர் பாடுதுங்க. யாரு மியூசிக்கு?" என்று கேட்டேன்.

"உம் பேச்சத்தாம்மா புடிச்சேன். இப்படி வந்துருச்சு" என்றார்.

தெருவில் டிவி, டேப் வாங்கிய எல்லாருக்கும் அவர்தான் புத்தி சொல்வார். "படம் வரலைன்னா மொதல்ல ஒயரப் பாருங்க. கம்பெனிக்காரன அப்பறமா திட்டலாம்." "கம்ப்யூட்டர்ல தட்டறியா, கரன்ட்டு சொல்லிட்டுப் போவாது, அப்பப்ப டேப்புல ஏத்திரு. ஏத்தறத ரெண்டு தடவ ஏத்து, ஒண்ணு கெட்டாலும் ஒண்ணு இருக்கும்." "டேப்பு மேல உள்ள என்ன இருக்குதுன்னு எழுது. எழுதாத டேப்பு குப்ப." எழுதுகிற விஷயத்தில் மட்டும் சோம்பலே ஆகாது அவருக்கு. என்னையும் உட்காரவைத்தார். "பயப்படாம தட்டு காஞ்சனா. தப்பா தட்டினா தப்புன்னு சொல்லும், அடிக்காது" என்றார். "உங்களவிட நல்ல வாத்தியாருங்க சார்" என்றேன். லூர்து அக்கா, அவர் மனைவி, அடுப்படியில் இருந்தபடியே சிரித்தார்.

ஆயுத பூஜையன்று என் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு, தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அதுவும் மெஷின்தானே? விட்டால் கோபித்துக்கொள்ளும். சார் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பொத்தான்மேல் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்துவிட்டேன். அவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. என் தலையிலிருந்த ஹேர்பின்னைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சந்தில் இருந்தும் சந்தனத்தை நோண்டினார். "பொட்டிக்குப் பொட்டு வெய்யி, வேணாங்கல. பொத்தானுக்கு வெக்காத" என்றார். எஸ் என்ற எழுத்து மட்டும் கடைசிவரை சரியாக விழவில்லை.

போன வருஷம் அவருக்கு வாதம் வந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் பேச்சும் போயிருந்தன. அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், பேச்சில்லாத சவரிமுத்து சாரை நினைத்துப் பார்க்கவே முடியாது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கஞ்சி ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. "என்னாங்க வேணும், தலையாட்டியாச்சும் சொல்லுங்களேன்" என்று அக்கா கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனார். இப்படியே விட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தூசி படிந்த கம்ப்யூட்டரை இண்டூரில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அக்கா. நான் தூக்கப் போனேன். சார் இடது கையால் கட்டிலைத் தட்டினார்.

"சீக்கிரம் எடுத்துட்டுப் போவச் சொல்றாருடி" என்றார் அக்கா.

தட்டல் பலமானது. கிட்டே கொண்டுபோனேன். போர்த்தியிருந்த துணியை அவரே பிடித்து இழுத்தார்.

நாங்கள் இருவரும் ஒயரை மாட்டினோம். படம் வரவில்லை. ஒயரைப் பார்த்தோம். வந்தது. சார் ஒற்றை விரலால் தட்டத் தட்ட, நான் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம்போட்டுக் கூட்டிப் படித்தேன். வி, ஏ, ஏ, ஒய், ஏ. எம், ஓ, ஓ, டி, யு. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்!

"வாய மூடு!" என்று கத்தினேன். "அக்கா, சார் என்னை வாய மூடச் சொல்றாருங்கக்கா!"

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், சிரித்தார். டேப்பில் ஏற்று என்று சார் சைகை காட்டினார். வெற்றுக் கேசட் தேட யாருக்குப் பொறுமை? டேப்பிலேயே கிடந்தது, அக்கா கோயிலில் பதிந்து வந்த ஜெபப் பாட்டுக் கேசட். அதன்மேலேயே ஏற்றினேன், அவர் சொல்படி இரண்டு தடவை. மேலே எழுது என்று கேசட்டைச் சுட்டிக் கையை ஆட்டினார். "அப்பறமா எழுதிக்கலாம் சார், எங்க போயிரப் போவுது" என்றேன்.

அடுத்த வரியை அக்காவுக்காகத் தட்டினார். அக்காவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். நான் படித்தேன். "லூர்து... ஆப்டியா." சார் என்னை முறைத்துவிட்டு, சந்தனம் தின்ற பொத்தானை ஓங்கி அழுத்தினார். லூர்து, சாப்டியா.

"நீங்க சாப்புடாம நான் எப்பிடிங்க சாப்புடுவேன்?" என்று அக்கா டிவியைப் பார்த்துப் பதில் சொன்னார். இங்கே பார் என்று சார் கட்டிலைத் தட்டினார். அன்று கஞ்சி இறங்கியது. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அந்த வீட்டில் பேச்சு ஓயவில்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சுக்கு நடுவில் நான் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். சில வரிகளை மனதுக்குள் மட்டும் படித்துவிட்டு, வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எழுந்து வந்திருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் என்னவென்று கேட்டால், டிவியை அணைக்கும் வரிசை. எழுத்தைச் சேர்த்தால் வார்த்தை வரும் என்ற தைரியம். என்னைப் பார்த்து அவர் எழுதிய அந்த முதல் வரி.

அடக்கம் முடிந்து, ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதர் சார் வீட்டில் ஜெபம் வைத்தார். முதலில் ஒரு பாட்டு போடலாம் என்று அக்கா ஜெபப் பாட்டுக் கேசட்டை எடுத்து டேப்பில் போட்டார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். கிறீச்சென்று ஆரம்பித்தது. நம் ஊர்ப் பாட்டு இப்படித்தான் போலிருக்கிறது என்று ஃபாதர் கண்ணை மூடி, தலை குனிந்து நின்றார். சத்தம் நின்றது. ஜெபம் சொல்ல வாயெடுத்தார். இரண்டாவது தடவை ஏற்றியது ஆரம்பித்தது. அது முடியும்வரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.