முழுசாக அடித்த மணி

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று பம்மல் ஷேர் ஆட்டோவில் ஒரு பெரியவரின் பட்டன் போன் பழைய மெட்டில் அடித்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்த முதல் செல்போனும் அப்படித்தான் அடிக்கும்.

அப்பா திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டினார். எண்ணெய்க் கறை படும் என்று போனை வீட்டிலேயே, மாதா படத்துக்குக் கீழே கைக்குட்டை விரித்து வைத்திருந்தார். அப்போது வருகிற போனை எடுத்தாலும் காசு போகும். அதனால் வேலை முடிந்ததும் கம்பெனி வாசல் கடையிலிருந்து ஒரே ஒரு ரிங் விடுவார். நாங்கள் எடுக்க மாட்டோம். அம்மா உலை வைப்பாள். அவர் வரும்போது சோறு சூடாக இருக்கும்.

ஒரு சாயங்காலம் மணி நிற்காமல் அடித்தது. ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. நான் கை நீட்டினேன்.

"வுடுடா," என்று அம்மா சிரித்தாள். "உங்கப்பாவுக்கு இன்னிக்கு அம்மாம் பசி போல கீது."

சோறு வடித்து ஆறிய பிறகு அப்பாவோடு வேலை செய்தவர் வந்தார்.

"நெஞ்சு வலிக்குதுன்னு அண்ணனேதான் போன் போட்டாரு அண்ணி. உங்ககூட பேசணும்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

இன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மாவின் போன் அடித்தது. வழக்கம்போல முதல் ரிங்கிலேயே எடுத்தாள். லோன் வேண்டுமா என்று கேட்கிற யாரோ ஒரு பெண். அம்மா வைக்கவில்லை.

"சொல்லும்மா, கேட்டுகினுதான் கீறேன்," என்றாள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.