அச்சே மொழிக்கு நான் எழுதிய பெயர்

மகனுக்கு இரண்டரை வயதாக இருந்தபோது, அவன் சொல்லும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டிருந்தேன். தமிழ்ச் சொற்கள் இடப்பக்கம், நோர்வேக்காரரின் மொழியான நொர்ஸ்க்கின் சொற்கள் வலப்பக்கம். அவனுடைய பேச்சைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று சுகாதார நிலையத் தாதி சொல்லியிருந்தார். அப்படி யாராவது சொன்னால்தான் எனக்குக் கவலை தொடங்கும். கணவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார்.

"இண்டைக்கு எத்தினை சொல்லு?"

"ரெண்டு. ஆனா ஒண்டு வடிவாக் கேக்கேல்லை."

"அப்ப ஒண்டரை எண்டு போடும்."

ஒஸ்லோவில் நாங்கள் இருந்த புருசெத்தில் அப்போது ஒரு திறந்த பார்ணஹாகே, அதாவது பாலர் பள்ளி, இருந்தது. வழக்கமான பாலர் பள்ளிகளில் இடம் கிடைக்காத பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிவந்து, விளையாட விட்டு, தாங்களும் கோப்பி குடித்துக்கொண்டு இருக்கலாம். அங்கேதான் அவளைச் சந்தித்தேன். இந்தோனேசியாவில், சுமாத்திராத் தீவின் வடமுனையில் இருக்கும் அச்சேயிலிருந்து வந்தவள். சண்டைக் காலத்தில் கணவன் மலேசியாவுக்குத் தப்பிப்போக, பின்னால் அவளும் போய், அங்கே ஒரு மகள் பிறந்து, பிறகு அகதிகளாக ஒஸ்லோவுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். சுனாமி வந்து இரண்டு வருடம் கடந்திருந்தது. அச்சே என்ற பெயரையே நான் அந்த அலைக்குப் பிறகு தொலைக்காட்சியில்தான் கேட்டிருந்தேன்.

நாங்கள் பேசியதெல்லாம் நொர்ஸ்க்கில். இரண்டு பேரும் தடுக்கித் தடுக்கித்தான் பேசினோம். இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாளே நான் வாய் தவறி, "அந்த அலை உங்களிட்டை வந்திட்டுத்தானே எங்களிட்டை, இலங்கைக்கு வந்தது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளுக்கு யார் இருந்தார்கள், யார் இல்லை என்று ஒன்றும் தெரியாமல் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் கோப்பியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் உனக்கு அக்கா."

அதற்குப் பிறகு அலையைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. மொழியைப் பற்றித்தான் பேசினோம். பிள்ளைகளின் பேச்சு என்னுடைய நோய் என்பதால் நான்தான் அந்தப் பேச்சை எடுப்பேன். வீட்டில் மகளோடு அச்சே மொழி மட்டும்தான் என்றாள். அவள் மகளைச் சாப்பிடக் கூப்பிடுவது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. 'பாஜோ பு' என்பாள். சோறு சாப்பிடு என்று அர்த்தம். தட்டில் இருப்பது பாணும் பழுப்புச் சீஸும்தான். ஆனாலும் அது சோறுதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். நாலு வயது ஆகப்போகும் அந்தப் பிள்ளை, மணல் பெட்டியில் இருந்துகொண்டு தாயோடு ஓயாமல் கதைத்தபடி இருப்பாள். என் மகன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"இந்தோனேசிய மொழியும் இதுவும் ஒண்டோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை. பள்ளிக்கூடத்திலை இந்தோனேசியம். அதிலைதான் படிச்சனாங்கள். எங்கடையை மலாயைக் கெடுத்துக் கதைக்கிற மொழி எண்டு சொல்லுவினம்."

"ஆர் சொல்லுறது?"

"வாத்திமார். பிறகு நாங்களே."

அது எனக்குள் கிடந்து உறுத்தியது. அடுத்த கிழமை மகனைத் தள்ளுவண்டியில் நித்திரையாக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போய், கலைக்களஞ்சியத் தொகுதிகளைப் புரட்டினேன். அச்சே மொழி சில மில்லியன் பேர் பேசும் மொழி. முன்பு அரபு எழுத்துகளிலும் இப்போது லத்தீன் எழுத்துகளிலும் எழுதப்படுகிறது. மலாய் அதற்கு உறவுதான், ஆனால் மிக நெருங்கிய உறவு அது அல்ல. நெருங்கிய சொந்தம் கடலுக்கு அப்பால், வியட்நாமிலும் கம்போடியாவிலும் இருக்கும் சாம் மக்களின் மொழிகள். எப்போது, எந்த வழியால் பிரிந்துபோனார்கள் என்பதில் அறிஞர்களுக்கே ஒரு முடிவில்லை. மூன்று என்பதற்கு அச்சே மொழியில் 'ல்ஹே', சாம் மொழியில் 'க்லௌ', மலாயிலிருந்து வந்த இந்தோனேசிய மொழியில் 'தீகா'. மகன் எழும்புவதற்குள் இவ்வளவையும் ஒரு கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டு வந்து அவளிடம் காட்டினேன்.

"வியட்நாமோ? அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையே."

"உன்ரை ஆக்கள் இல்லை. உன்ரை மொழியின்ரை ஆக்கள்."

"உனக்கு வேறை வேலை இல்லையோ?" என்றாள். ஆனாலும் துண்டைத் திரும்பத் தரவில்லை. 'ல்ஹே'யையும் 'க்லௌ'வையும் மெல்ல மாறி மாறிச் சொல்லிப் பார்த்தாள். "கெட்டுப்போன மொழிக்கு இவ்வளவு தூரத்திலை சொந்தம் இருக்காது" என்றாள்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம், எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று சொல்லத்தான். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

சுகாதார நிலையத்தில் செய்யும் நாலு வயதுப் பரிசோதனைக்காக அவளுக்கு ஒரு படிவம் வந்தது. பிள்ளையின் பேச்சையும் அதில் பார்ப்பார்கள். அவளுக்கு நொர்ஸ்க் எழுதப் பயமாக இருந்ததால் என்னிடம் நீட்டினாள். படிவம் நிரப்புவதில் நான் கெட்டிக்காரி. எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்திருப்பேன். 'பிள்ளையின் தாய்மொழி' என்று ஒரு வரி, 'உரைபெயர்ப்பாளர் எந்த மொழியில் தேவை' என்று இன்னொரு வரி. கீழே உதாரணமாகச் சில மொழிகள் இருந்தன. தமிழ் இருந்தது. அச்சே இல்லை.

அவள் அந்தப் பக்கம் மகளுக்குப் பனி உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் யோசித்தேன். அச்சே என்று எழுதினால் உரைபெயர்ப்பாளர் கிடைக்காமல் போகலாம். திகதி தள்ளிப்போகலாம். படிவம் திரும்பி வரலாம். அவளுக்குத்தான் இந்தோனேசிய மொழி நன்றாகத் தெரியுமே. இரண்டு வரியிலும் வடிவான எழுத்தில் 'இந்தோனேசிஸ்க்' என்று எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அவள் வாசிக்காமல் போட்டாள். என்னை நம்பினாள்.

பரிசோதனை முடிந்து ஒரு மாதம் வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மகளைச் சாப்பிடக் கூப்பிடும் சொல் மாறியிருந்தது. 'பாஜோ பு' போய், 'மாகான்' வந்திருந்தது. அது இந்தோனேசியச் சொல் என்பது எனக்கும் தெரியும். மணல் பெட்டியில் சத்தமில்லை. மகள் தாயின் முகத்தைப் பார்ப்பாள், பிறகு மணலைப் பார்ப்பாள்.

கேட்டேன். சொன்னாள். உரைபெயர்ப்பாளர் வயதான, மரியாதையான மனிதராம். படங்களைக் காட்டி என்ன, எத்தனை என்று கேட்டாராம். பிள்ளை ஒரு சொல்லும் பேசவில்லை. மொழி வளர்ச்சி பின்தங்கியிருக்கிறது, நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

"பிள்ளைக்கு அந்த மொழி தெரியாதெண்டு நீ சொல்லேல்லையோ?"

"அந்த மனுசன் எங்களுக்காக அவ்வளவு தூரம் வந்தவர். எப்பிடிச் சொல்லுறது? பேப்பரிலையும் அப்பிடித்தான் இருந்தது. எங்களுக்கு இந்த மொழிதான் எண்டு நோர்வே முடிவு செய்திட்டுது எண்டு நினைச்சன். இப்ப வீட்டிலையும் அதைத்தான் கதைக்கிறன். அடுத்த முறை அவள் தோற்கக் கூடாது."

மகனுக்குக் கழுவ வேண்டும் என்று சொல்லி எழும்பிப் போய்விட்டேன்.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நீர் ஏன் அப்பிடி எழுதினனீர்?"

"நல்லதுக்குத்தான்."

அவர் முதன்முதல் வந்து இறங்கியது நோர்வேயின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்டில். அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை கிடைப்பதற்கு முன்னால் நடந்த முதல் அகதி விசாரணைக்கு, இலங்கை என்று கண்டுவிட்டு, ஒரு சிங்கள உரைபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதை ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் அவர் சொல்வார், எல்லோரும் சிரிப்போம். அன்றைக்கும் அதைத்தான் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொன்னார், ஆனால் வேறு மாதிரி.

"அந்த அலுவலர் நல்ல மனுசன். எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தவர். என்னத்தைப் பிழையாச் செய்தவர் எண்டு அவருக்குக் கடைசி மட்டும் தெரியாது."

பிறகு, "அவவுக்குச் சொல்லாதையும். தாதிக்குப் போன் பண்ணித் திருத்தும்" என்றார்.

அது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. அடுத்த நாளே தாதிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "தாய் உரைபெயர்ப்பாளரோடை வடிவாக் கதைச்சவ. ஒரு குறையும் சொல்லேல்லை. திரும்பச் செய்யிறதெண்டால் தாய்தான் கேக்க வேணும்" என்றார். அவர் சொன்னது சரி. நான் அந்தப் பிள்ளைக்கு யார்?

பார்ணஹாகேயில் உடுப்புகள் கொழுவும் ஒடுக்கமான இடத்தில் அவளைப் பிடித்தேன். மகளின் சப்பாத்தைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"முடிவு செய்தது நோர்வே இல்லை" என்றேன். "நான். படிவத்திலை அந்த மொழியை எழுதினது நான்."

அவள் நிமிரவில்லை. "உனக்குத் தெரியும்தானே."

"தெரியும்."

"வியட்நாம் வரைக்கும் தெரியும்."

"ஓம்."

மற்றச் சப்பாத்தையும் பூட்டிவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அந்தக் கிழமை வரவில்லை, அடுத்த கிழமையும் வரவில்லை. நான் கொப்பியை எடுத்து மகனின் சொற்களை எண்ணப் பார்ப்பேன், இன்னொரு பிள்ளையின் சொற்கள்தான் நினைவுக்கு வரும். ஒரு பிள்ளை பேசாமல் போவதற்கு நான் எழுதிய ஒற்றைச் சொல் போதுமாக இருந்தது. மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதினேன். அதில் இருந்த நொர்ஸ்க் பிழைகளைத் திருத்தினேன். கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது கிழமை அவள் தொலைபேசி எடுத்தாள்.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. திரும்பப் பாக்கினமாம். நீயும் வா. தாதிக்கு முன்னாலை நீயே சொல்லு."

போனேன். சொன்னேன். தாதி தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார். நோர்வேயில் அச்சே மொழி உரைபெயர்க்க ஆள் தேடுவது கஷ்டமாகத்தான் இருந்ததாம். மேற்குக் கரையில் ஒரு ஊரில் இருந்த ஒருவர் தொலைபேசி வழியாக வந்தார். தொலைபேசியை மேசை நடுவில் வைத்து எல்லோருக்கும் கேட்கச் செய்தார்கள்.

தாதி ஒரு படத்தைக் காட்டினார். தொலைபேசி அச்சே மொழியில் கேட்டது. பிள்ளை பேசவில்லை. இரண்டாவது படம், மூன்றாவது படம். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள், மணல் பெட்டியிலிருந்து இப்போது பார்ப்பதுபோலவே. தாயின் கைகள் மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. இனி எந்த மொழி கேட்டாலும் இவள் பேச மாட்டாள், அதைச் செய்தது நான்தான் என்று நான் நினைத்தேன்.

தொலைபேசியில் இருந்தவர் படத்தை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்டார். பிள்ளை மேசையில் ஏறக்குறைய ஏறி, தொலைபேசிக்கு வாயை வைத்து ஏதோ சொன்னாள். அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"காலமை என்ன சாப்பிட்டனீர் எண்டு கேட்டனான்" என்று நொர்ஸ்க்கில் சொன்னார். "தான் சாப்பிட்டவவாம். நான் சோறு சாப்பிட்டனோ எண்டு கேக்கிறா. என்னை ஆர் இதுக்குள்ளை பூட்டினது எண்டும் கேக்கிறா."

பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. மின்தூக்கி பழுதானது, அப்பா பனியில் விழுந்தது, நேற்று மீன் கருகியது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, தாதி எழுதிக்கொண்டே போனார். ஓரிடத்தில் அவர் தயங்கினார்.

"இதையும் சொல்லவோ?"

"எல்லாம் சொல்லுங்கோ" என்றார் தாதி.

"அம்மா இப்ப ரீவி மாதிரிக் கதைக்கிறாவாம். ரீவிக்குப் பதில் சொல்லத் தேவையில்லையாம்."

தாய் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மூன்று ஒலிகள் இன்னும் சரியாக வரவில்லை, அதை ஆறு மாதத்தில் பார்ப்போம், நிபுணர் தேவையில்லை என்றார் தாதி. வீட்டில் எந்த மொழியில் பேசுவது என்று தாய் கேட்டாள். "பிள்ளை உங்களுக்குப் பதில் சொல்லுற மொழி" என்றார்.

திரும்பி நடந்தோம். பிள்ளை முன்னால் போனாள், வாய் மூடாமல். தாய் என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நீ கேட்டிருக்க வேணும்."

"ஓம்."

"கேட்டிருந்தாலும் நான் இந்தோனேசியம் எண்டுதான் எழுதச் சொல்லியிருப்பன்."

"ஏன்?"

"அலுவலகத்திலை அச்சே எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்திலையும் வந்ததில்லை." கொஞ்சத் தூரம் நடந்தாள். "உன்னிலை இருக்கிற கோவம் போகும். மற்றது, என்னிலை இருக்கிறது, போகுமோ தெரியேல்லை."

அவர்களுடைய வீட்டுத் தொகுதி வந்தது. மகளைக் கூப்பிட்டாள், அச்சே மொழியில். பிள்ளை உடனே திரும்பி ஏதோ எதிர்த்துச் சொன்னாள், தாய் அதட்டினாள், இருவரும் வாக்குவாதப்பட்டுக்கொண்டே கதவுக்குள் போனார்கள்.

படிவத்தைப் பற்றி அவள் உண்மையைச் சொன்னாளா, அல்லது என் பாரத்தில் பாதியைத் தான் எடுத்துக்கொள்வதற்காக அப்படிச் சொன்னாளா என்று வெகு காலம் யோசித்திருக்கிறேன். கேட்டிருக்கலாம். பிறகும் எத்தனையோ நாட்கள் ஒன்றாக இருந்து கோப்பி குடித்தோம். நான் கேட்கவில்லை.