ஆளில்லா விமானத்துக்குக் கஞ்சி போட்ட கதை

விமானத்துக்குச் சட்டை தைப்பதும் ஒரு தொழில்தான். கன்னியர் மடத்தில் எனக்குத் தையல் படிப்பித்த மதர் கேள்விப்பட்டால் மயங்கி விழுந்திருப்பா. ஒரு கண் வேலையிலும் ஒரு கண் பிள்ளை தூங்குகிற ஏணையிலுமாக நாளைக் கழிக்கிற சகோதரிகளே, மற்றதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பாயில் ஓட்டை

சப்பான்காரனோடு யுத்தம் வந்தபின் என் வீட்டுக்காரர் மீன்பிடியை விட்டுப் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் படகோட்டப் போனார். படகுக்குப் பின்னால் கயிற்றில் ஒரு மிதவை, அதன்மேல் வெள்ளைத் துணி. ஆகாயத்தைப் பார்த்துச் சுடவேண்டிய பீரங்கிக்காரர், பறக்கிற குறி ஒன்றும் கிடைக்காமல் அந்தத் துணியைச் சுட்டுப் பழகினார்கள். பழகுகிறவர்களுக்குக் குறி தவறாதா? ஒருநாள் அவர் தைக்கக் கொண்டுவந்த படகுப் பாயில் என் தலையளவு ஓட்டை. பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். ஊசியில் நூல் கோக்கவே நேரம் எடுத்தது.

அந்தப் பாயில் நான் போட்ட தையலைப் பார்த்துத்தான் முகாமில் இருந்த எஞ்சினியர் துரை கூப்பிட்டனுப்பினார். மூங்கில், துணி, பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின், இவ்வளவையும் வைத்து, ஆள் ஏறாமல் பறக்கிற மலிவான விமானம் ஒன்றைச் செய்ய அவருக்கு யோசனை. அது பறந்தால் பீரங்கிக்காரர் அதையே சுட்டுப் பழகலாம், படகு வேண்டாம். நான் சம்பளம் கேட்கவில்லை. எப்போது பறக்கும் என்று மட்டும் மடத்து இங்கிலீஷில் கேட்டேன். துரை சொன்னார்: "அது உங்கள் ஊசியைப் பொறுத்தது, மேடம்."

கஞ்சி

இறக்கைத் துணி விறைப்பாக நிற்கவேண்டும். அதற்குப் பூசுகிற மருந்து கொழும்பிலிருந்து வரவே இல்லை. மடத்தில் மதர்மாரின் முக்காட்டுக்குக் கஞ்சி போட்ட ஞாபகம் வந்தது. காய்ச்சிப் பூசினேன். காய்ந்தபின் தட்டினால் மேளச் சத்தம்! துரை கைகொடுத்தார். சாப்பிட்டுத் திரும்பி வந்தால், இரண்டு ஆடுகள் இறக்கையை நக்கி, பாதியைத் தின்றும் விட்டன.

அழுதுவிட்டேன். மூங்கில் வேலை பார்த்த காசிம் நானா, மறுநாள் தன் ஊரான மதுரங்குளியிலிருந்து வரும்போது, வலைக்குத் தோய்க்கிற பனிச்சங்காய்ச் சாறு ஒரு வாளி கொண்டுவந்தார். கஞ்சிக்குமேல் அதைப் பூசினால், அந்தத் துவர்ப்புக்கு எந்த ஆடும் கிட்ட வராது. வாளியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அழாதீங்க தங்கச்சி, சப்பான்காரனுக்கு முந்தி நம்மட ஆடு பிளேனை விழுத்திட்டுது எண்டு சந்தோசப்படுங்க."

இடப்பக்கம்

முதல் விமானம் எழும்பியது. கடலுக்குப் போகாமல் இடப்பக்கம் சாய்ந்து, வட்டமடித்து, உப்பளச் சேற்றில் மூக்கைக் குத்தியது. இரண்டாவதும் அப்படியே. துரை வரைபடத்தை அளந்தார். காசிம் நானா மூங்கில்களைத் தராசில் வைத்தார். மூன்றாவதும் விழுந்தால் இந்த வேலையை நிறுத்திவிட்டுப் பழையபடி படகுதான் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எங்கள் கரையில் புனித அன்னம்மாளின் பதக்கம் கட்டாமல் எந்தப் படகும் கடலில் இறங்காது. கடலுக்குமேல் போகிறது என்று, ஒவ்வொரு விமானத்தின் இடது இறக்கை நுனியிலும் நல்ல கனத்த பித்தளைப் பதக்கம் ஒன்றை மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தேன். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். துரை தையலைப் பிரித்து, பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். ஏசவில்லை. அதைத் திரும்ப அங்கேயே வைத்து, வலப்பக்கமும் ஒன்று தைக்கச் சொன்னார். பிறகு சிரித்தார்: "ஆளில்லாத விமானம் என்று நான் எழுதிக் கொடுத்தேன், நீங்கள் ஆளை ஏற்றிவிட்டீர்களே!"

மூன்றாவது

மூன்றாவது நேரே கடலுக்குமேல் போனது. பீரங்கிகள் வெடித்தன. என் தையல் துண்டு துண்டாகக் கடலில் விழ, நான் கைதட்டினேன். அந்தக் கிழமையே மிதவையைக் கரையில் ஏற்றினார்கள். பழையபடி வலையோடு கடலுக்குப் போன என் வீட்டுக்காரர், விடிய ஒரு கூடை சூடைமீனோடு வந்து, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "என்னை விட்டுட்டு இப்ப உன்ட தையலைச் சுடுறாங்கள், குறை வைக்காமத் தைச்சுக் குடு, ராசாத்தி."

தைத்தது கிழியக் கிழியக் கடவுளுக்கு நன்றி சொல்லுகிற தையற்காரி இந்தக் கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.