ஆறு ஜன்னல்கள்

1994இல் இத்தாலியக் கிராமமான சியாகுல்லியில் ஒரு மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்த மன்னார் ஜோக்கிமுக்கும் அவன் மனைவி றோசமலருக்கும், இருக்க இடமென்று தோட்டத்து முதலாளியம்மா, சிஞ்ஞோரா, காட்டியது ஒரு பழைய கரவனை. காரின் பின்னால் கொளுவி இழுக்கிற சக்கர வீடு. அதன் ஆறு ஜன்னல்களில் ஒன்றுக்கும் கண்ணாடி இல்லை. மழைக்குப் பொலித்தீன் கட்டிக்கொள்ளச் சொன்னாள் அந்த மகராசி.

இரண்டு மாரி பொலித்தீன் படபடத்தது. றோசமலருக்கு இருமல் நெஞ்சோடு தங்கிவிட்டது.

ஜோக்கிம் ஊரில் வள்ளம் திருத்தியவன். துறைமுகத்தில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் கண்ணாடித் தகடுகளைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தான். ஒவ்வொரு ஓட்டைக்கும் பேப்பரில் அளவு வெட்டி, தகட்டின் மூலைகளை அரத்தால் உருட்டி, சுற்றிவர ரப்பர் பட்டி வைத்து இறுக்கினான்.

"உவ்வளவு வடிவாச் செய்யாதேங்கோ," என்றாள் றோசமலர். "கண்டால் பறிச்சுப்போடுவா."

"அரைகுறையாச் செய்ய எனக்கு வராதப்பா."

ஆறாவது ஜன்னல் பூட்டிய கிழமையே சிஞ்ஞோரா வந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாள். ஞாயிறன்று அவளுடைய மகன் கரவனைக் காரில் கொளுவினான், கோடை விடுமுறைக்குக் கடற்கரையில் வைக்க. ஜோக்கிமின் சாமான்கள் பூச்சிமருந்து விசிறும் தாங்கிகள் கிடந்த கொட்டிலுக்குப் போயின. அதற்கு ஜன்னலே கிடையாது.

புறப்படும்போது சிஞ்ஞோரா ஜோக்கிமின் தோளில் தட்டினாள். மனதாரத்தான் சொன்னாள்:

"கெட்டிக்காரன். இப்போதுதான் இதில் மனிதர் தங்கலாம்."