கிராணியை இறக்கிவிட்ட இடம்

1978ஆம் ஆண்டு, ஆடி முடிந்து ஆவணி பிறந்த வாரம். பள்ளி விடுமுறை. மலேசியாவின் ஈப்போவில் ஆசிரியராக இருந்த நான், என் தங்கையை ஜொகூர் பாருவில் அவள் கணவர் வீட்டில் கொண்டுபோய்விட என் பழைய மோரிஸ் மைனர் காரில் சுங்காய்க்குப் போயிருந்தேன். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். வைகாசியில் கல்யாணமானவள், வழக்கப்படி ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

தன் பெட்டிக்கும் முன்பாக அவள் காரில் ஏற்றியது, ரப்பர் மரத்தில் பால் வெட்டிய நாட்களில் சுமந்த தகர வாளியைத்தான். உள்ளே ஈரச் சாக்கின்மேல் அவளுடைய ஆமை இருந்தது. ரப்பர் மரங்கள் நிற்கும் வேலைக்காட்டில் கால்வாய் ஓரம் கண்டெடுத்து ஏழு வருடமாக வளர்த்தாள். அது கழுத்தை நீட்டி இப்படியும் அப்படியும் பார்ப்பது, ஆள் கணக்கெடுக்க வரும் தோட்டத்துக் கிராணியைப் போலவே இருக்கிறதென்று அதற்குக் கிராணி என்றே பெயர் வைத்திருந்தாள்.

வீட்டில் ஆமை இருந்தால் ஆகாது என்று நம்மவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அவளுக்கு வந்த நான்கு வரன்கள் தட்டிப்போனபோது, தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் அந்த வாளியைத்தான் கைகாட்டினார்கள். மாணவர்களிடம் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பாடம் நடத்தியவன் நான். ஆனாலும் முப்பத்தொரு வயதில் ஒருவழியாக அவளுக்குக் கல்யாணம் முடிந்தபோது, ஆமை இங்கேயே இருக்கட்டும் என்று தடுத்ததும் நான்தான்.

"இப்ப எதுக்கு இது? ஒன் மாமியாரு என்ன சொல்வாங்க?" என்றேன்.

"அவருகிட்ட சொல்லிட்டேண்ணே. கொண்டாரச் சொன்னாரு. அம்மாவும் ஒங்ககூட ஈப்போவுக்கு வந்துட்டா இத யாரு பாப்பா?"

"புது மாப்புள எதுக்குத்தான் தலையாட்ட மாட்டாரு?"

"அவரு ஒங்கள மாதிரி வாத்தியாரு இல்லலா. சொன்னா சொன்னதுதான்" என்று சிரித்தாள்.

விடியும் முன்பே கிளம்பினோம். விரைவுச்சாலை வராத காலம். ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து புகுந்துதான் போகவேண்டும். இருபது மைலுக்கு ஒருமுறை அவள் கையை நனைத்து ஆமையின் ஓட்டில் தெளித்துக்கொண்டே வந்தாள். தஞ்சோங் மாலிமில் வாங்கிய வாழைப்பழத்தில் பாதி அவளுக்கு, பாதி அதற்கு. வெயில் எந்தப் பக்கம் விழுந்ததோ, வாளியை அதற்கு மறுபக்கம் நகர்த்தினாள். சிரம்பான் தாண்டியதும் வாளியை அணைத்தபடியே தூங்கிப்போனாள். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எனக்கு ஒரே கவலை. இனி அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், ஒரு கரு தங்காமல் போனாலும், பழி முதலில் ஆமைமேல் விழும். அடுத்து இவள்மேல் விழும்.

லாபிஸ் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. தூரத்தில் தெரிந்த வீட்டில் தண்ணீர் கேட்டுவர அவள் நடந்தாள். அவள் மறைந்ததும் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தேன். அந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஓடை. ஆமையைத் தண்ணீரில் விட்டேன். அது உடனே முழுகவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தது. நான் திரும்பிவந்து வாளியைக் காருக்குப் பக்கத்தில் புல்லில் கவிழ்த்துப் போட்டேன்.

"காத்தாடட்டும்னு கீழ வெச்சேன். பானெட்டத் தொறந்துட்டுத் திரும்புறதுக்குள்ள வாளி கவுந்து கெடக்கு" என்றேன், வந்தவளிடம்.

"அதுக்குள்ள அது எவ்வளவு தூரம்ணே போயிருக்கும்?" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாலான் புல்லுக்குள் இறங்கினாள்.

நானும் இறங்கினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் முட்டிபோட்டுப் புல்லை விலக்கி விலக்கித் தேடினேன். அது இல்லை என்று எனக்குத் தெரிந்த பக்கத்தில் தேடினேன். "அந்தப் பக்கம் பாப்பமா?" என்று அவள் கேட்டபோது, லாரி போகிற சாலையை அது எப்படித் தாண்டும் என்று சொல்லித் தடுத்தேன். முள் கிழித்து என் முழங்கையில் ரத்தம் வருவதைப் பார்த்து, கடைசியில் அவள்தான் நிறுத்தினாள். "போதும்ணே. போலாம்."

அதன்பிறகு வழியெல்லாம் காலி வாளியை மடியிலேயே வைத்திருந்தாள்.

பொழுது சாயும் நேரம் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை ஓடிவந்து பின்னிருக்கையை எட்டிப் பார்த்தார். "கிராணி எங்க?" நான் அவளிடம் சொன்ன பொய்யையே அவரிடமும் சொன்னேன். "பரவால்லலா மச்சான், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று என் தோளைத் தட்டி, வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே அவர் தன் கையாலேயே கட்டிய ஒரு சிறிய சிமெண்டுத் தொட்டி. ஆமை ஏறி இறங்கச் சரிவுகூட வைத்திருந்தார். தங்கையின் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கங்கோங் கீரையை அலசிக்கொண்டிருந்தார். "வந்துருச்சாய்யா? பசியோட இருக்கும்ல" என்று என்னைக் கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். மறுநாளே திரும்பிப்போய் அந்த ஓடையில் தேடியிருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை.

எண்பதுகளில் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர்கள் காரில் ஈப்போ வந்தார்கள். லாபிஸ் வந்தால் மெதுவாகப் போகச் சொல்லி வெளியே பார்த்துக்கொண்டே வருவாளாம். என் வீட்டுக்கு வந்ததும் என் பிள்ளைகளிடம் அந்தக் கதையைத்தான் சொல்வாள். "ஒங்கப்பா எப்படித் தேடுனாரு தெரியுமா? முள்ளு கிழிச்சு ரத்தம் வருது, அப்பவும் விடல." நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை என் அடக்கம் என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் போய் ஆறு வருடமாகிறது. மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது சொல்லிவிடும் முடிவோடுதான் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில் பெண்மணியிடம், "எங்கண்ணே இவரு" என்று ஆரம்பித்து அதே கதையைச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் அவளை நினைத்து ஏங்கும்போது, உண்மை தெரிந்து அவள் என்னை ஒரு வாரம் திட்டித் தீர்ப்பது போல நினைத்துப் பார்க்கிறேன். அந்தத் திட்டாவது எனக்கே விழுந்திருக்கும்; என் தங்கை வாழ்நாளெல்லாம் பாசம் வைத்திருந்தது புல்லில் முட்டிபோட்டுத் தேடிய ஓர் அண்ணன்மேல், அப்படி ஒருவன் அன்று அங்கே இல்லை.