ரோட்டுக்கு இறங்கிய குரங்குகள்

என் இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் மெலிந்தது. விந்தி விந்தித்தான் நடப்பேன். பெங்களூர் ஸ்ரீராம்புரத்துச் சந்தில் என் வயதுப் பையன்கள் அதற்காக எனக்கு வைத்த பட்டப்பெயர்களை எழுதினால் இந்தப் பக்கம் நாறும். ஆனாலும் நடக்கிறேன். சின்ன வயதில் ஜுரம் வந்து கால் இழுத்துக்கொண்டபோது, இந்தப் பிள்ளை இனி எழுந்து நிற்காது என்று சொல்லாதவர்கள் தெருவில் பாக்கி இல்லை. அம்மா ஒருத்திதான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

தும்கூர் ரோட்டில், ஊர் முடிந்து கேழ்வரகுக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில், ஓர் ஆஞ்சநேயர் கோயில் இருந்தது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய் அதன் படியில் கிடத்தி, பிள்ளை நடந்தால் உயிர் உள்ளவரை சனிக்கிழமை தவறாமல் உன் குரங்குக் கூட்டத்துக்குத் தீனி போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். கொஞ்ச நாளில் நான் சுவரைப் பிடித்து நின்றேன். பிறகு நடந்தேன். அது வைத்தியர் கொடுத்த எண்ணெயா, ராப்பகலாக அவள் நீவிவிட்ட கையா, ஆஞ்சநேயரா என்று நான் இன்றுவரை தீர்ப்புச் சொன்னதில்லை. அம்மாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் கடலைக்காய் வேகும் வாசனைதான். மில் வேலைக்குக் கிளம்பும் அப்பா அடுப்பை எட்டிப் பார்ப்பார்.

"இன்னா, இன்னிக்கும் சம்பந்திங்களுக்கு விருந்தா? எனக்கும் ஒரு வால் மொளைச்சிருந்தா நல்லாருந்திருக்கும்."

"நீங்க வாலு இல்லாமலே அந்த ஆட்டம்தான் ஆடறீங்க" என்பாள் அம்மா. பித்தளைத் தூக்கில் கடலைக்காயும் பையில் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள்.

அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் பெரிய ஆலமரங்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு தோப்பும் குட்டையும். குரங்குகள் அந்தத் தோப்பில்தான் இருந்தன. ஆலம்பழம் தின்று, குட்டையில் தண்ணீர் குடித்து, மனிதர்களைக் கண்டால் உச்சிக்கு ஏறி உறுமும் காட்டுக் குரங்குகள். முதலில் போனபோது அம்மா கடலைக்காயைக் கோயில் வாசலில் இறைத்துவிட்டு வெகுதூரம் தள்ளி நின்றாள். நாங்கள் பஸ் ஏறும் வரை ஒன்றுகூட இறங்கவில்லை. மெல்ல மெல்லத்தான் பழகின. பிறகு அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

அவள் மட்டுமல்ல, பெங்களூரை விட்டுக் கிளம்பும் லாரிக்காரர்கள் பலரும் அங்கே வண்டியை நிறுத்தி, வழியில் விபத்து எதுவும் நேரக்கூடாதென்று ரோட்டோரக் கல்லில் சிதறுகாய் உடைத்துவிட்டுப் போவார்கள். தேங்காய்ச் சில்லு ரோடு முழுக்கத் தெறிக்கும். அதைப் பொறுக்கக் குரங்குகள் ரோட்டுக்கு வரும். தன் உயிருக்கு வேண்டிக்கொண்டு உடைத்த காயே இன்னோர் உயிருக்கு எமன் என்று யாருக்கும் தோன்றவில்லை. புண்ணியம் தேடுகிறவன் கண்ணுக்கு ரோடு தெரியாது.

எனக்குப் பத்து வயது இருக்கும். அந்தச் சனிக்கிழமை காலையில் பஸ் எங்களை வழக்கம்போல் கோயிலுக்கு எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் போனது. ரோட்டைக் கடக்க நின்றோம். வாசலில் இருந்த குரங்குகள் அம்மாவைப் பார்த்துவிட்டன. அவற்றில் காது கிழிந்த பெண் குரங்கு ஒன்று உண்டு. அம்மா கையிலிருந்தே வாங்கித் தின்னும். அப்போது அதன் வயிற்றில் ஒரு குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. மற்றவை தயங்க, அது மட்டும் ரோட்டில் இறங்கி எங்களை நோக்கி ஓடி வந்தது. தும்கூர் பக்கமிருந்து லாரி வந்தது.

"வராதே, அங்கயே இரு" என்று அம்மா தூக்கை ஆட்டிக் கத்தினாள். தூக்கைப் பார்த்ததும் அது இன்னும் வேகமாக ஓடி வந்தது.

குட்டி சாகவில்லை. தாயின் வயிற்றைப் பிடித்தபடி கிடந்து கீச்சிட்டது. யாரையும் அருகில் விடாமல் மற்றக் குரங்குகள் பல்லைக் காட்டின. கடைசியில் ஒரு கிழட்டுக் குரங்கு வந்து அதைப் பிய்த்தெடுத்துக்கொண்டு மரம் ஏறிவிட்டது. அடுத்த வாரம் அந்தக் குட்டியைக் காணவில்லை. பால் இல்லாமல் அது எத்தனை நாள் இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க நான் பழகிக்கொண்டேன்.

லாரிக்காரர் இறங்கி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நான் இன்னாம்மா பண்ணுவேன். திடீர்னு குறுக்க வந்துடுச்சு."

"உம்மேல தப்பில்லப்பா. அது என்னப் பாத்துதான் வந்துச்சு" என்றாள் அம்மா.

பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் கூடிவிட்டார்கள். செத்த குரங்கை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, பெரிய மனிதரை அடக்கம் செய்வதுபோல் தம்பட்டை அடித்து அடக்கம் செய்தார்கள். கோயிலுக்குப் பின்னால் குட்டைக்கரையில் புதைக்கலாமே என்று அம்மா கேட்டுப் பார்த்தாள். சாமி எங்கே விழுந்ததோ அங்கேதான் புதைக்க வேண்டும் என்று, ரோட்டை ஒட்டி ஆலமரத்தடியில் குழி வெட்டினார்கள்.

அங்கேதான் கெட்டது. அந்த மண்மேடு கோயிலைவிடப் பேர் வாங்கிவிட்டது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகவே வாழைப்பழம் எறிந்தார்கள். காரில் வந்தவர்கள் சீப்புச் சீப்பாகப் படைத்தார்கள். தோப்பில் இருந்த மொத்தக் கூட்டமும் ரோட்டோரத்துக்குக் குடிவந்துவிட்டது. சில வாரத்தில் ஓர் இளவட்டக் குரங்கு அடிபட்டது. அதற்கும் தம்பட்டை, அதற்கும் மாலை, பக்கத்திலேயே இன்னொரு மேடு. இரண்டு மேட்டுக்கும் சேர்த்துப் பழம் குவிந்தது. எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

அம்மா சும்மா இருக்கவில்லை. மேட்டின்மேல் கிடந்த பழங்களை முந்தானையில் வாரிக்கட்டிக்கொண்டு போய்ப் பின்னால் குட்டைக்கரையில் போட்டாள். அர்ச்சகர் வந்து மறித்தார்.

"ஏனம்மா இது? ஆஞ்சநேய தேவருக்கு வெச்சதைத் திருடறியே. உன் மகனை நடக்க வெச்ச தேவரு இது."

"திருடல சாமி. எடத்தத்தான் மாத்தறேன். பின்னாடி போட்டா அதுங்க ரோட்டுக்கு வராது. நீங்க ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

அவர் சொல்லவில்லை. ரோட்டோரம் வைத்தால்தான் ரோட்டில் போகிறவர்கள் நிற்பார்கள், நின்றால்தான் தட்டில் காசு விழும். அம்மா லாரிக்காரர்களிடம் காயை உள்ளே உடைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். ஒருவர் இருவர் கேட்டார்கள். மற்றவர்கள், பைத்தியம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் கடலைக்காய் வேகவில்லை. அம்மா அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"போடலன்னா புள்ள கால் போயிடும். போட்டா அதுங்க உசுரு போவுது. நான் இன்னா செய்யட்டும்?" என்று அப்பாவைக் கேட்டாள்.

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் அப்பா அன்றைக்கு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அம்மா என் காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்த்தாள். நேற்றைக்கும் இன்றைக்கும் மெலிந்துவிட்டதா என்று கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க இதே வேலை. வியாழக்கிழமை குழாயடியில் பாசி வழுக்கி விழுந்தேன். யார் வேண்டுமானாலும் விழக்கூடிய இடம். அம்மாவின் முகம் வெளிறிப் போனதைப் பார்த்தபோது விழுந்த வலியைவிட அதிகம் வலித்தது.

சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினாள். பயந்துவிட்டாள், நேர்ச்சையைத் தொடரப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் கையில் தூக்கும் இல்லை, பையும் இல்லை.

பஸ் போனதும், எதிர்ப்பக்கம் மேட்டின்மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் அவளை அடையாளம் கண்டு ரோட்டின் விளிம்புக்கு வந்தன. அம்மா குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். எறிந்து பழக்கமில்லாத கை. கல் பாதி ரோட்டிலேயே விழுந்தது. தீனி என்று நினைத்து ஒன்று அதைப் பார்த்து நகர்ந்தது. அடுத்த கல்லை வலுவாக எறிந்தாள். அது ஒரு பெண் குரங்கின் தோளில் பட்டது. அது ஓடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. இன்னொரு கல் பட்ட பிறகுதான் எல்லாம் தோப்புக்குள் ஓடின.

பிறகு கோயிலுக்குள் போய்ச் சந்நிதியில் நின்றாள். அவள் முனகியது எனக்குக் கேட்டது.

"சனிக்கிழம தவறாம வர்றேன். ஆனா தீனி போட மாட்டேன். கோவம்னா என் கால எடுத்துக்க. புள்ள கால விட்டுடு."

சொன்னபடியே செய்தாள். மழையானாலும் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப்போய், அவற்றை ரோட்டிலிருந்து விரட்டிவிட்டு, சாமி கும்பிட்டு வந்தாள். கோயிலுக்கு வந்தவர்கள் அவளைச் சபித்தார்கள். ஒரு கிழவர் மண்ணை வாரித் தூற்றினார். ஒற்றை ஆள் வாரத்தில் ஒரு நாள் விரட்டி எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்க முடியும் என்று தெரியவில்லை. மற்ற நாட்களில் பழம் குவிந்துகொண்டுதான் இருந்தது. இன்று காட்டுச் சாலைகளில் குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழேயே காரை நிறுத்தி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அம்மா குனியக்கூட இல்லை. அவளைப் பார்த்ததும் குரங்குகள் குட்டிகளை வாரி அணைத்துக்கொண்டு கிறீச்சிட்டபடி உச்சிக் கிளைக்கு ஓடிவிட்டன. ரோட்டில் ஒன்றுகூட இல்லை.

அன்று வீட்டில் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "இன்னிக்கு என்னப் பாத்ததும் எல்லாம் பயந்து மரத்துல ஏறிக்கிச்சுங்க" என்றாள்.

"நல்லதுதானே. அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்ட" என்றார் அப்பா.

"நல்லதுதான்" என்று சொல்லிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அம்மா அழுதாள்.