ஆளில்லை என்று எழுதிய வீடு

காஞ்சிரங்குளத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது தங்கபாய் டீச்சரின் தம்பி போனில் கூப்பிட்டார். "அக்கா போயாச்சு சார். சாயா கேட்டா. போட்டுக்கொண்டு வாறதுக்குள்ள…" இலையை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். முதலில் வந்தது துக்கமல்ல, பயம். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்றை இனி நான் தனியாக வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெள்ளறடைப் பக்கத்துப் பள்ளியில் அவர் சமூக அறிவியல், நான் கணக்கு. அவரிடம் படித்தவர்களுக்கு அவர் வருகைப்பதிவு எடுக்கும் விதம் மறந்திருக்காது. பக்கத்தில் இருப்பவர் "உண்டு டீச்சர்" என்றால் ஏற்கமாட்டார். "உன் வாயால சொல்லு மக்கா" என்று காத்திருப்பார். அதை ஒரு கண்டிப்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள். அது எங்கே தொடங்கியது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில் மலைக்குடிகளின் கணக்கெடுப்புக்கு எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். ஜீப்பிலும் பிறகு தோணியிலும் போய், அட்டைக்கடியோடு நடந்து, காணிக்காரர்களின் வீடுகளை ஒவ்வொன்றாக எழுதினோம். கடைசி வீடு ஓடைக்கு அக்கரையில், மரங்களுக்குப் பின்னால் இருந்தது. ஓடையில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள் என்று வழியில் ஒருவர் சொல்லியிருந்தார். திரும்ப எத்தனித்தபோது டீச்சர் நின்றார்.

"சாரே, ஆரோ விளிக்கது மாதிரி கேக்கு."

எனக்கும் கேட்டது. "அது ஏதோ பறவையாக்கும். மழை வருகு, வாருங்க" என்றேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு துறைக்கு நடந்து வந்து, தோணியில் உட்கார்ந்து, படிவத்தில் 'ஆளில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

சில ஆண்டுகள் கழித்து, காட்டில் குடியிருப்பவர்களுக்கு நிலப்பத்திரம் கொடுக்கத் தொடங்கியிருந்த நேரம். ஒரு பகல் இடைவேளையில், ஆசிரியர் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் நீலம்மா, காணிக்காரி. பட்டியலில் இல்லாத வீட்டுக்குப் பத்திரம் இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கணக்கெடுக்க வந்தது யார் என்று கேட்டாள். நான் விடைத்தாள்களின் மேல் குனிந்துகொண்டேன். டீச்சர் எழுந்து, "நான்தான்" என்றார்.

நீலம்மாவின் குரலில் கோபம் இல்லை. "மாப்பிளைக்கு காய்ச்சல். அவர விட்டுட்டு வர ஒக்கேல. இக்கரைக்குக் கேக்கட்டும்னு விளிச்சேன். நீங்க திரும்பிப் பாத்திய. பின்னே போயிட்டிய."

அன்றிலிருந்து டீச்சர் வேறு ஆளானார். பாடம் நடத்திக்கொண்டிருப்பவர் சட்டென்று நிறுத்தி ஜன்னலைப் பார்ப்பார். ஆசிரியர் அறையில், யாரும் பேசாதிருக்கும்போது, "ஆராவது விளிச்சாவளா சாரே?" என்று கேட்பார். இல்லை என்பேன். அந்த ஒரு சொல்லை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறிப் போய் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு நடந்தார். தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். அப்படி ஒப்புக்கொண்டால் வேலைக்குக் கேடு வரும் என்று எச்சரித்தேன். "வரட்டு" என்றார். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. பத்திரம் கடைசியில் வந்தது. ஆனால் அதற்கு முந்தைய மழையில் நீலம்மாவின் கணவர் இறந்துவிட்டிருந்தார். பத்திரத்தைக் கொடுக்க டீச்சரே மலைக்குப் போய்வந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த உலகப்படம் வகுப்பறைச் சுவரில் வந்தது. ஒவ்வொரு நாட்டிலும் அந்த மண்ணின் ஆதிகுடிகள் எத்தனை பேர் என்று தேடித் தேடி பென்சிலால் குறித்தார். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி. ஆஸ்திரேலியாவின் மூத்தகுடிகளை நாட்டின் மக்கள்தொகையில் சேர்க்கக்கூடாது என்று அங்கே அரசியல் சட்டத்திலேயே வெகுகாலம் எழுதியிருந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஜப்பானில் ஐனு மக்களில் பலர் தாங்கள் யார் என்பதை மறைத்தே வாழ்ந்திருக்கிறார்கள், அவர்களை எப்படி எண்ணுவது என்பார். அந்தமானில் ஒரு தீவை மட்டும் அவரால் குறிக்க முடியவில்லை. அங்கே தொலைவில் படகை நிறுத்தி, கரையில் கண்ணுக்குத் தெரிந்தவர்களை எண்ணிக்கொண்டு திரும்பினார்கள் என்று படித்த அன்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "ஏறத்தாழன்னு எழுதுற எடத்தில எல்லாம் ஒரு வீடு உண்டு சாரே" என்றார்.

அடக்கத்துக்கு நீலம்மா வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம், யாரோடும் சேராமல் நின்றாள். மண் போட்டு முடிந்ததும் டீச்சரின் தம்பி ஒரு ஃபைலை என் கையில் தந்தார். அக்கா எனக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாளாம். உள்ளே அந்த மனுக்களின் நகல்கள். முதல் மனுவை அங்கேயே நின்று படித்தேன். பிறகு நீலம்மாவைத் தேடி பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பறவை என்று சொன்னது நான் என்பதையும், எனக்கும் கேட்டது என்பதையும் சொன்னேன்.

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டு பேராக்கும் நின்னது. எனக்குத் தெரியும்" என்றாள். "கூட வந்தது ஆருன்னு டீச்சர் சொல்லேல. நானும் கேக்கேல."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

நண்பர்களே, டீச்சரிடமிருந்து உங்களிடம் எஞ்சியிருப்பது நல்ல நினைவுகளாக இருக்கும். என்னிடம் இருப்பது அந்த மனுவில் அவருடைய உருண்டைக் கையெழுத்தில் ஒரு வரி: 'அன்று என்னுடன் வேறு யாரும் வரவில்லை.'